பாவாடை விளிம்பு சொன்ன சேதி

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப் புடவை ஞாபகம் வந்திருக்கும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சொல்லப் போவது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்திலிருந்து பொன்னேரி போகும் வழியில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை நடந்து, "சொந்த வீடு கொடு அப்பா!" என்று வேண்டிக் கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதற்குப் பக்கத்து ஊர்தான்.

அங்கே ஒரு தையற்காரப் பெண்மணியைச் சந்தித்தேன். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. இவர் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைக்கிறார். போன ஆடி மாதம், பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போவதற்காகத் தன் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு பாவாடை தைத்தாராம். போட்டுப் பார்த்தால் விளிம்பு ஒரு பக்கம் தரையைத் தொடுகிறது, மறு பக்கம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது!

"இன்னாடா இது, இருபது வருசமா தைக்கிறோம், கத்திரி கோணிப் போச்சான்னு நெனச்சேங்கா. பிரிச்சுத் தைச்சேன். மறுபடியும் கோணல். மூணாவது தபா பிரிக்கிறப்போதான் தோணிச்சு, துணி கோணலா, பொண்ணு கோணலான்னு!" என்றார் அவர்.

பெண்ணைத் திருப்பி நிறுத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைப் பார்த்திருக்கிறார். வலது தோள் சற்றே உயர்ந்திருந்தது. வலது பக்கத்துத் தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரி புடைத்திருந்தது. இடுப்பின் ஒரு பக்கம் உள்ளே குழிந்து, மறு பக்கம் நேராக இறங்கியிருந்தது. தாய்க்குக் கை கால் ஓடவில்லை.

"குழந்தையாய் இருந்தபோது தினம் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன். எப்போ நானா குளிக்கிறேன்னு சொன்னாளோ, அன்னியிலேருந்து அவ முதுகை நான் பார்க்கலேக்கா" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள். என் பெண்ணின் முதுகை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது?

சகோதரிகளே, உங்களையும் இதே கேள்வியைக் கேட்கத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

வளைவு என்றால் என்ன?

நம் கழுத்தில் 7, மார்பின் பின்னால் 12, இடுப்பில் 5, ஆக 24 எலும்புக் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன. அதற்கும் கீழே ஒட்டிப் போன எலும்புகள் இருக்கின்றன. பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு மெல்ல வளைந்து நெளிந்துதான் இருக்கும். அது இயற்கை. ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் தூக்குக் குண்டு விட்டாற்போல் நேராக இருக்க வேண்டும்.

சில குழந்தைகளுக்கு அது பக்கவாட்டில் வளைகிறது. வளைவதோடு நிற்காமல் முறுக்கிக் கொள்ளவும் செய்கிறது. முதுகெலும்பு முறுக்கினால் அதோடு இணைந்த விலா எலும்புகளும் திரும்பும். அதனால்தான் ஒரு பக்கம் முதுகு புடைக்கிறது. டாக்டர்கள் இதை 'ஸ்கோலியோஸிஸ்' என்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதோ ஒரு சிறு வளைவு இருக்கிறது. சின்ன வளைவு ஆண், பெண் இரு பாலாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் வரும். ஆனால் வளர்ந்து பெரிதாகிச் சிகிச்சை வரைக்கும் போகிற வளைவு பெண் குழந்தைகளுக்குத்தான் மிக அதிகம்.

காரணம் என்ன? பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று இன்றுவரை தெரியவில்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்பது மட்டும் தெரியும். ஆனால் எது காரணம் அல்ல என்பது தெரியும். புத்தகப் பை காரணம் அல்ல. கோணலாக உட்கார்ந்ததோ, ஒருக்களித்துப் படுத்ததோ காரணம் அல்ல. கிரகணத்தன்று தாய் காய் நறுக்கியதும் காரணம் அல்ல. பால் கொடுக்கவில்லை, கால்ஷியம் கொடுக்கவில்லை என்று மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக் கொள்ளவும் வேண்டாம்.

என் அத்தை மகள்

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகள் ஒருத்தி. என்னைவிட ஐந்து வயது பெரியவள். அவள் பள்ளிக்கூடம் போகிற நாளில் எங்கள் வீட்டில் அவள் காதில் ஓயாமல் விழுந்த வார்த்தை, "நிமிர்ந்து நடடி!" என்பதுதான். பாட்டி சொன்னாள், அத்தை சொன்னாள், பெரியவர்கள் சொல்கிறார்களே என்று நானும் சொன்னேன். நிமிர அவளால் முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் தாவணியை இழுத்து இழுத்துப் போர்த்திக் கொண்டாள். வெட்கம் என்று நினைத்தோம்.

பத்தொன்பது வயதில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று ரவிக்கைக்கு அளவெடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குள் வளர்ச்சி முடிந்துவிட்டது. வளைவும் நன்றாக முற்றிவிட்டது. ஏழு வருஷம் முன்னால் வந்திருந்தால் சுலபமாய்ப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இன்று அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவள் எங்களைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஒரு நிமிஷப் பரிசோதனை

1865-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் ஆடம்ஸ் என்ற சர்ஜன் சொல்லிவைத்த சோதனை ஒன்று உண்டு. இன்றைக்கும் உலகமெங்கும் டாக்டர்கள் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். காசு பணம் வேண்டாம், கருவி வேண்டாம்; உங்கள் கண் போதும்.

பெண்ணை முதுகு தெரிய நிற்க வையுங்கள். இரண்டு பாதங்களும் சேர்ந்து, முழங்கால் மடங்காமல் இருக்கட்டும். முதலில் நிற்கும்போதே பாருங்கள். இரண்டு தோளும் சமமா? தோள்பட்டை எலும்புகள் சமமா? இடுப்பின் இரண்டு பக்கத்துக் குழிவும் ஒன்றுபோல் இருக்கிறதா? கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்து இரு பக்கமும் ஒரே அளவா?

பிறகு இரண்டு உள்ளங்கையையும் கும்பிடுவது போல் சேர்த்து, மெல்லக் குனியச் சொல்லுங்கள், முதுகு தரைக்குச் சமமாக வருகிற வரைக்கும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, உங்கள் கண் அவள் முதுகின் மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நிமிர்ந்து உட்காராத பழக்கத்தினால் வந்த கூனல் வேறு. அது குழந்தை மனசு வைத்தால் நேராகும். குனிந்தால் மேடு தெரியாது. நிஜமான வளைவு குனிந்தால்தான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியல் ஒன்று, சித்திரை வருஷப் பிறப்பு ஒன்று என்று வைத்துக் கொண்டால் மறக்காது. பெண்கள் மட்டுமல்ல, பையன்களுக்கும்தான்.

டிகிரிக் கணக்கு

டாக்டர் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். 1948-இல் அமெரிக்காவில் ஜான் காப் என்ற டாக்டர் வகுத்த முறைப்படி அதில் கோடு போட்டு, வளைவு எத்தனை டிகிரி என்று அளப்பார். 10 டிகிரிக்குக் குறைந்தால் அதை வளைவு என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. 25 வரைக்கும் பெரும்பாலும் கவனித்து வருவதுதான் சிகிச்சை. நாலு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். 25-லிருந்து 40 வரை, வளர்கிற குழந்தையாய் இருந்தால், பிரேஸ். 45, 50-ஐத் தாண்டினால் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள்.

ஆனால் டிகிரி மட்டும் போதாது. இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. குழந்தை கிடுகிடுவென்று உயரும் அந்த ஒன்றிரண்டு வருஷத்தில்தான் வளைவும் கிடுகிடுவென்று கூடுகிறது. அதனால் டாக்டர், "பெண் எப்போது வயசுக்கு வந்தாள்?" என்று கேட்பார். கூச்சப்படாமல் தேதியோடு சொல்லுங்கள். அதற்கு முந்திய காலம்தான் மிகவும் வேகமாக வளர்கிற காலம். அதற்குப் பிறகு சுமார் இரண்டு வருஷத்தில் வளர்ச்சி அடங்குகிறது. இடுப்பு எலும்பின் எக்ஸ்ரேயைப் பார்த்தும் மீதி வளர்ச்சியைக் கணிப்பார்கள். வளர்ச்சி நின்றபோது வளைவு 30 டிகிரிக்கு உள்ளே இருந்தால் பிற்காலத்தில் அநேகமாகத் தொல்லையில்லை. 50-க்கு மேல் இருந்தால் வளர்ச்சி நின்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டு போகலாம்.

கவசம் போட்ட பெண்

ஆரணிப் பெண்ணுக்கு 29 டிகிரி. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அளவெடுத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை பிடிக்கிற பிளாஸ்டிக் பிரேஸ் செய்து கொடுத்தார்கள். ஊரில் அதை 'பெல்ட்' என்கிறார்கள். 1946-இல் முதன்முதல் வந்த மில்வாக்கி பிரேஸுக்குக் கழுத்தைச் சுற்றி வளையமும் மோவாய்க்குத் தாங்கியும் உண்டு. இப்போது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சட்டைக்குள் மறைகிற பிரேஸே போதும்.

இதனால் பலன் உண்டா என்று வெகு காலம் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அதைத் தீர்த்து வைத்தது. பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 100-க்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. போடாமல் கவனித்து வந்தவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பிரேஸுக்குள் வெப்பத்தை உணரும் சின்னக் கருவி வைத்து, எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று பார்த்தார்கள். நாளுக்குச் சராசரி 13 மணிக்கு மேல் போட்டவர்களில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவர்கள் தப்பினார்கள். அலமாரியில் இருக்கிற பிரேஸ் யாருக்கும் உதவாது!

சொல்வது சுலபம். திருவள்ளூர் வெயிலில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதல் மாதம் பெண் அழுதிருக்கிறாள். "பள்ளிக்கூடத்துல தொட்டுப் பார்த்து, டிரம்மு டிரம்முன்னு தட்டுறாங்கம்மா" என்றாளாம். தாய் இரண்டு காரியம் செய்தார். மெல்லிய பருத்தித் துணியில், தையல் உடம்பில் அழுத்தாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கம் வைத்து, உள்ளே போட ஆறு பனியன் தைத்தார். அடுத்து, டீச்சரைப் பார்த்துப் பேசினார். டீச்சர் அந்தப் பெண்ணையே வகுப்பின் முன் நிற்க வைத்து, இது என்ன, எதற்கு என்று சொல்லச் சொன்னார். தட்டியவர்கள், "நான் ஒரு தபா போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்களாம்.

விளையாடும்போதும் குளிக்கும்போதும் கழற்றலாம். விளையாட்டை நிறுத்தவே கூடாது. ஜெர்மனியில் 1921-இல் கத்தரீனா ஷ்ராத் என்ற பெண்மணி தம்முடைய வளைந்த முதுகுக்காகத் தாமே வகுத்த மூச்சுப் பயிற்சிகள் இன்றும் வழக்கில் உண்டு. டாக்டர் சொன்னால், தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு, பிரேஸோடு சேர்த்துச் செய்யலாம். ஆனால் "இழுத்து நிமிர்த்துகிறேன், உருவிவிட்டால் சரியாகும்" என்பவர்களிடம் மாதங்களைக் கழிக்காதீர்கள். எலும்பு முறிந்தால் உங்கள் பக்கத்தில் புத்தூருக்குப் போகிற வழக்கம் உண்டு. இது முறிவே அல்ல, கட்டுப் போட்டுச் சேர்ப்பதற்கு! இங்கே கைநழுவிப் போவது காலம். வளர்கிற குழந்தைக்கு அது திரும்பி வராது.

ஒன்று சொல்ல வேண்டும். பிரேஸ் பொதுவாக வளைவைக் கூடவிடாமல் தடுக்கிறது. நேராக்கிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

ஆபரேஷன் என்றால்?

மதுராவில் கூன் விழுந்த பெண்ணின் பாதங்களைத் தன் காலால் அழுத்திக்கொண்டு, மோவாயை இரண்டு விரலால் தூக்கிக் கண்ணன் நிமிர்த்திய கதை நமக்குத் தெரியும். அவனுக்கு ஒரு கணம் போதும். டாக்டர்களுக்குப் பல காலம் ஆயிற்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளைப் பார்த்து மனம் பொறாத பால் ஹாரிங்டன் என்ற டாக்டர், உலோகக் கம்பியால் முதுகை நிமிர்த்தும் முறையை 1962-இல் வெளியிட்டார். இப்போது ஒவ்வொரு கண்ணியிலும் திருகாணி பொருத்தி, இரு பக்கமும் கம்பி கோத்துச் சரி செய்கிறார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவட நரம்புகள் ஒழுங்காய் வேலை செய்கின்றனவா என்று கருவியால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய ஆபரேஷன்தான்; ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலோர் சில நாட்களில் எழுந்து நடக்கிறார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் இது தடையில்லை. பெண் வீட்டார் அஞ்சி மறைப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

வலியோடு வரும் கூன்

இதுவரை சொன்ன வளைவு பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. வேறொன்று உண்டு. குழந்தைக்கு முதுகு வலிக்கிறது, தூக்கத்தில் வீறிட்டு அழுகிறது, மாலையில் ஜுரம், எடை குறைகிறது, கீழே விழுந்த பொருளை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து உட்காருகிறது, நடுமுதுகில் விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு சிறு முனை. இது க்ஷயரோகமாக இருக்கலாம்! 1779-இல் பெர்ஸிவல் பாட் என்ற டாக்டர் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிற வியாதி. எலும்புக் கண்ணியின் முன்பகுதி அரித்துப்போய்ச் சரிந்து, முதுகு முன்னோக்கி மடிகிறது. நாள் கடந்தால் கால் மரத்துப் போகவும் கூடும்.

இந்த வியாதியின் சிகிச்சையில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், நுரையீரல் க்ஷயத்துக்கு ஸானடோரியத்தில் படுத்துத்தான் தீர வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. பிறகு சென்னையில் முதுகெலும்பு க்ஷயத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் பிளாஸ்டர் கட்டிலில் கிடந்த காலம் போய், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டுப் பெரும்பாலோர் குணமானார்கள்.

மருந்து முடிந்தால் கதை முடிந்ததா? அதைத்தான் கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரன் ஆராய்ந்தார். அப்படி மருந்து சாப்பிட்ட 61 குழந்தைகளை 15 வருஷம் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்டார். வியாதி குணமான பிறகும் வளர்ச்சி நிற்கும்வரை சில குழந்தைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போயிற்று. சிலருக்கு, ஆச்சரியம், வளர வளரக் குறைந்தது! இன்னும் சிலருக்கு மூன்று முதல் ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு மாறத் தொடங்கியது. யாருக்குக் கூடும் என்பதை ஆரம்ப எக்ஸ்ரேயிலேயே காட்டிக் கொடுக்கிற நாலு அடையாளங்களை அவர் வகுத்தார். இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம். ஆகவே, க்ஷயம் குணமான குழந்தையை வளர்ச்சி முடியும்வரை வருஷத்துக்கு ஒரு முறையாவது காட்டி வாருங்கள். க்ஷயத்துக்கு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது.

கைக்குழந்தைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பிறக்கும்போதே எலும்புக் கண்ணி பாதியாய் அமைந்து வளைவு வருவதுண்டு. அப்போது சிறுநீரகம், இருதயம் இரண்டையும் சோதிப்பார்கள். இடுப்புக்கு மேலே நடு முதுகுக் கோட்டில் மயிர்க் கொத்தோ, ஆழமான குழியோ, மச்சம் போன்ற தடிப்போ இருந்தால் உடனே காட்டுங்கள். குழந்தைப் பருவத்து வளைவுகளில் சிலவற்றைச் சீக்கிரமே கண்டால் அடுத்தடுத்துப் பிளாஸ்டர் கட்டியே நேராக்கலாம். லண்டனில் பணி செய்த மின் மேத்தா என்ற நம் இந்திய வம்சத்துப் பெண் டாக்டர் 2005-இல் இதை விளக்கி எழுதினார்.

எங்கே போவது? அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழந்தைகளைச் சோதிக்க டாக்டர் குழு வருகிறது. 2013-இல் தொடங்கிய திட்டம் அது. அவர்களிடம், "முதுகையும் பாருங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் சென்னைக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெரிய செலவு என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று அங்கேயே விசாரியுங்கள்.

நான் விடைபெறும்போது அந்தப் பெண் பள்ளியிலிருந்து வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் 28. கூடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் பிரேஸ் போட வேண்டியிருக்கும். "இந்த ஆடிக்கும் பாவாடையா?" என்று கேட்டேன். "ஆமாங்க! அம்மா விளிம்பை ஒரு பக்கம் கொஞ்சம் ஏத்தி மடிச்சுத் தைக்கும். யாருக்கும் தெரியாது" என்று சிரித்தாள்.

அன்றிரவு நான் வீடு திரும்பியதும் முதல் காரியமாக என் பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் குனி, கண்ணு" என்றேன். முதுகு சமமாக இருந்தது. நீங்களும் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் குழந்தையைக் கூப்பிடுங்கள். தொடர்கதை காத்திருக்கும்!